ஆறு மணிக்கு விழும் சுவிட்ச்

புதிதாக டிரிப் சுவிட்ச் வைத்த நாளிலிருந்து, மாலை ஆறு மணியானால் எங்கள் வீடு இருண்டுவிடும். எத்தனை தடவை தூக்கிவிட்டாலும் படக்கென்று விழும். அரை மணி கழித்துத் தூக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதலில் அரசாங்கம் கொடுத்த இலவச மிக்ஸியைச் சந்தேகித்தேன். பிறகு கிரைண்டரை, பிறகு ஃபேனை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். அப்போதும் விழுந்தது.

"சும்மா வந்ததயெல்லாம் திட்டுறத விட்டுட்டு எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

வந்தவர், கூடத்தின் நடுச்சுவரை ஒட்டியிருந்த வயர் பெட்டியைத் திறந்தார். அந்தச் சுவர், நஞ்சைத் தகராறில் அண்ணனும் நானும் பேச்சை நிறுத்தி, வீட்டைப் பாகம் பிரித்தபோது எழுப்பியது. மீட்டரைக்கூடத் தனித்தனியாக்கியிருந்தோம்.

"கரண்டு திரும்பி வர்ற வயரு ஒண்ணு சுவத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போவுது சார். அவங்க அங்க ஒரு லைட்டப் போட்டா அந்தக் கரண்டும் இதுலயே திரும்புது, கணக்கு ஒதைச்சு இங்க விழுது. அணைச்சாத்தான் நிக்கும். வெட்டிடவா?"

"வெட்டுங்க" என்றேன் உடனே. பிறகுதான், "அது எந்த லைட்டு?" என்று கேட்டேன்.

அவர் வயரின் போக்கைக் கண்ணால் அளந்தார். "ஆறு மணிக்குத்தான விழுது? சாமி ரூமா இருக்கும்."

பாகம் பிரித்த அன்று, வாய்க்கால் ஓரத்து வயலுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். சாமி அறை யாருக்கு என்று கேட்கவே இல்லை.