ஆங் என்றால் ஆமாம்

மாலத்தீவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் காது சரியில்லை என்றே நினைத்தேன். பின்னக் கணக்கை விளக்கிவிட்டு "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்பேன். மொத்த வகுப்பும் "ஆங்" என்னும். ராஜபாளையத்துக்காரியான எனக்கு அது 'என்ன சொன்னீங்க?' என்றுதான் கேட்டது. மறுபடி முதலிலிருந்து, இன்னும் உரக்க விளக்குவேன். மறுபடியும் "ஆங்".

உரக்கச் சொல்வதில் எனக்குச் சிரமமில்லை. எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, நல்ல ஆசிரியையின் குரல் பக்கத்து வகுப்பிலும் கேட்க வேண்டும் என்பதே என் கல்விக் கொள்கை. அந்தப் பக்கத்து வகுப்பு, என்னைவிட மூத்தவரான பொன்னுத்தாய் டீச்சருடையது. ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார். "ஏட்டி, ஒங் கணக்க எம் பிள்ளைகளும் சேத்துல்லா படிக்கு. செத்த மெதுவாச் சொல்லேன்." அதையும் நற்சான்றிதழாகவே எடுத்துக்கொண்டேன். அவர் வகுப்பில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள், எப்போதும் இரைச்சல். சம்பளம் அவருக்கு, வேலை பிள்ளைகளுக்கா என்று ஆசிரியர் அறையில் கேலி பேசியிருக்கிறேன்.

தீவில் இரண்டாம் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு, யாராவது வாருங்கள் என்று கை காட்டினேன். ஷிஃபா என்ற சிறுமி வந்து தங்கள் திவேஹி மொழியில் விளக்கினாள். பாதியில் தப்பு செய்தாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மறுத்துக் கத்த, வகுப்பே இரண்டு கட்சியானது. அதட்டக் குரலில்லாமல் நின்றேன். மணி அடிப்பதற்குள் இரு கட்சியும் சண்டை போட்டுக்கொண்டே சரியான விடைக்கு வந்துவிட்டன. ஷிஃபா என் தோரணையிலேயே இடுப்பில் கைவைத்து, "அண்டர்ஸ்டாண்ட், மிஸ்?" என்றாள். தலையாட்டினேன். "ஸே 'ஆங்', மிஸ். ஆங் மீன்ஸ் யெஸ்."

அப்படியானால் ஒரு வாரமாகப் புரிந்துபோன கணக்கைத்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இந்திய டீச்சர்களின் வழக்கம் இதுதான் போலும் என்று அவர்களும் பொறுத்திருக்கிறார்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்ததும், ஒரு சனிக்கிழமை பொன்னுத்தாய் டீச்சரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதப் படிக்கவா அம்புட்டுக் கடலத் தாண்டிப் போன? பக்கத்து கிளாஸ்லதானடி இருந்தேன். வார லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்ததும் வா, எம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்து, பாப்போம்."

மறுநாள் காலையிலேயே சேலை கட்டி, பையை மாட்டிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கறிக்கடைக்குப் போன எதிர்வீட்டு அக்கா நின்று பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழம அதுவுமா எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிட்ட?"

தீவில் வாரம் ஞாயிறன்றுதான் தொடங்கும். இந்நேரம் ஷிஃபாவின் வகுப்பு உட்கார்ந்திருக்கும் என்று என் உடம்பு நம்பியிருந்தது. அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டு யோசித்தேன். என் வகுப்பு இருந்த தீவுக்கு இந்த பஸ் போகாது. இது போகும் ஊரில் பள்ளி பூட்டிக் கிடந்தது.