நீல அட்டைக் கூண்டுகள்

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பவருக்கு இது பத்தொன்பதாவது வருடம். கூண்டு கழுவுவார், மரத்தூள் மாற்றுவார். ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால், "எனக்கெதுக்கு வம்பு" என்பார்.

இந்த முறை சோதனைக்கு வந்தது ஒரு பெப்டைடு, அதாவது புரதத் துணுக்கால் ஆன மருந்து. அது சோர்ந்த மனத்தைத் தேற்றுமா, மூளையில் புது இணைப்புகளை வளர்க்குமா என்று பார்க்க வேண்டும். முதலில் எலிகளைத் தனித்தனியாக அடைத்துச் சோர்ந்துபோக வைத்தார்கள். பிறகு சிவப்பு அட்டைக் கூண்டுகளுக்கு மூக்கில் மருந்துச் சொட்டு, நீல அட்டைக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எதற்கென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே துள்ளல். மண்டையைப் பிய்த்துக்கொண்ட ஆராய்ச்சிக்காரப் பெண், கடைசியில் அவரிடமே வந்து நின்றாள்.

"அண்ணே, நீலக் கூண்டுல ஏதாவது மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலம்மா. அதுங்க மூலையிலயே சுருண்டு கெடந்துச்சு. பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. கூண்டு கழுவுறப்போ மடியில வச்சு முதுகைத் தடவிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

மூன்று மாத வேலை பாழ். அவள் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்?"