நாக்குக்கு அடியில் மாத்திரை

அலுப்பு எனக்கு முழங்காலில்தான் தொடங்கும். பஸ்ஸிலிருந்து இறங்கி, மணலில் கால் புதையப் புதைய அங்கன்வாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். வயசாகிவிட்டது, வேறென்ன என்று சொல்லிக்கொள்வேன். மீதி உயிரை மாத்திரை வாங்கிவிடும். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட பெண்பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. அதை என் கண்முன்னால் விழுங்க வைக்க வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு போட்டவர்கள் யாரும் இந்தப் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு ஏரிக்கரையில் ஓடியதில்லை.

நர்ஸம்மா விரலில் குத்திச் சோதிக்க வந்தாலும் இதே பாடுதான். "ரத்தம் இல்லைன்றீங்க, இருக்கறதையும் குத்தி எடுத்துக்கினு போறீங்க. இன்னா நியாயம் இது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். எத்தனை முறை விளக்கினாலும் அவர்களுக்குக் கேள்வி தீராது. எனக்குத்தான் பதில் தீர்ந்துவிட்டது.

ஆனால் ஒருத்தியை மட்டும் என்னால் விட முடியவில்லை. பதினாறு வயது இருக்கும். அம்மாவோடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். அகப்பட்ட இறாலைப் போடுகிற ஓலைக்கூடையைப் பறி என்பார்கள். அது பல்லில் தொங்கும். பிடித்ததெல்லாம் வியாபாரியிடம் போய்விடும், வீட்டில் கஞ்சிதான். சோதனையில் அவளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு என்று வந்தது. டாக்டர் தினமும் மாத்திரை போடச் சொன்னார். அதற்கு முன்பே ஒருநாள் தண்ணீரிலேயே மயங்கிச் சாய்ந்திருந்தாள். அம்மா பக்கத்தில் இருந்ததால் முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூக்கியபோதும் பறி பல்லிலேயே இருந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த முறை பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

தினமும் என் முன்னால் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். "போட்டுட்டேன் டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போவாள். மறுபடி சோதித்தால் ரத்தம் ஏறவே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் அவள் பின்னாலேயே கரைக்குப் போயிருந்தேன். பறியைக் கவ்வ வாயைத் திறந்தாள். நாவல்பழம் தின்றவள்போல நாக்கு நீலமாக இருந்தது.

"இன்னாடி இது? நாக்கைத் தூக்கு."

தூக்கினாள். அடியில், தண்ணீரில் இறங்கியதும் துப்புவதற்காக, பாதி கரைந்த மாத்திரை. தினமும் பறியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுகிற வாய். அதற்கு ஒரு மாத்திரையை ஒளிப்பது ஒரு வேலையா? எனக்கு வந்த கோபத்துக்கு முதுகில் இரண்டு வைத்திருப்பேன். அதற்குள் அழுதுவிட்டாள்.

"மொத நாளு வெறும் வயித்துல போட்டுக்கினு வந்தேன் டீச்சர். இங்கயே வாந்தி வந்துச்சு. எல்லாம் ஒரு மாதிரியா பாத்துச்சுங்க. 'இன்னாடி, எதுனா விசேஷமா?'னு பெரிம்மா கேட்டுச்சு. நைனா காதுல வுழுந்தா என்னை உசுரோட வுடாது."

விசேஷமா என்று கல்யாணமானவளைக் கேட்டால் அது வாழ்த்து. இவளைக் கேட்டால் கொலை. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, ரத்தமில்லாமலே தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போடு என்று சொல்வது எனக்குச் சுலபம். ஏரிக்குப் போகிற வீட்டில் அந்நேரத்துக்கு அடுப்பே பற்றியிருக்காது.

மறுநாள் சத்துமாவில் கொழுக்கட்டை அவித்து எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். பெண்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன், எல்லோரும் பார்க்க நானே ஒரு மாத்திரையை விழுங்கிக் காட்டினால் ஊர்வாய் அடங்கும் என்பது என் திட்டம். அவசரத்தில் நானும் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தேன். விழுங்கினேன். ரத்தத்துக்கு இது எவ்வளவு நல்லது என்று ஆரம்பித்தேன். பேச்சு பாதியில் நிற்க, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. கரையிலேயே குந்தி வாந்தி எடுத்தேன்.

நிமிர்வதற்குள் அதே பெரியம்மாவின் குரல் வந்தது.

"இன்னா டீச்சர், உங்களுக்கும் எதுனா விசேஷமா?"

கரையே சிரித்தது. தலை பாதி நரைத்து, மாதாமாதம் வரும் தூரமும் நின்றுபோன என்னைப் பார்த்து! எரிச்சலும் வெட்கமும் பிடுங்கித் தின்றன.

"ஆமா, ரெட்டப் புள்ள. வெறும் வயித்துல போட்டா உனக்கும்தான் பொறக்கும்" என்றேன்.

அந்தப் பெண்ணின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உனக்கும் இதானாடி?"

மகள் தலையை ஆட்டினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை நாளும் அவளும் பெரியம்மாவின் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மகளின் பக்கத்திலேயே இறால் பிடித்திருக்கிறாள்.

பெண் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையோடு, ரத்தம் இருக்கிறதா என்று நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்ப்பதுபோலவே, கட்டைவிரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"டீச்சர், உங்களுக்கும் வெளுத்துப் போய்தான் கீது. வயசாயிடுச்சுனு நீங்களா சொல்லிக்கினு கீறீங்க."

எத்தனையோ பேரின் இமையை இழுத்துப் பார்த்தவள் நான். என் இமையை யாரும் இழுத்துப் பார்த்ததில்லை. அவள் கொழுக்கட்டையைப் பிட்டுப் பாதியை என் வாயில் திணித்தாள். மீதியைத் தின்றுவிட்டு மாத்திரையை விழுங்கினாள். நான் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒன்றும் இல்லை.

"நாளைலேந்து நீங்களும் துன்னுட்டுப் போடணும். எங்கிட்ட தூக்கிக் காட்டணும்" என்று சொல்லிவிட்டு, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு அம்மாவின் பின்னால் தண்ணீரில் இறங்கினாள்.