காற்று இறங்காத வைகாசி

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை முழுவதையும் நான் மாமாவின் நர்சரியில்தான் கழித்தேன். மாமா என் அம்மாவின் தம்பி. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டோரமாகப் பச்சை வலைப் பந்தல் போட்டு, ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ், தென்னங்கன்று எல்லாம் வைத்து விற்றுவந்தார். செடிகளுக்குத் தண்ணீர் தெளிப்பதும், வருகிறவர்களுக்குச் செடியின் பெயரைச் சொல்வதும் என் பொறுப்பு. பெயர் தெரியாத செடிக்கு நானே ஒரு பெயர் வைத்துச் சொல்லிவிடுவேன். மாமா திருத்தமாட்டார். பெயர் உள்ள செடி சீக்கிரம் விற்றுப்போகும் என்பது அவருடைய அனுபவம்.

பந்தலின் ஒரு மூலையில், தேங்காய் மட்டையில் கட்டிய சில செடிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மண் வேண்டாம். மரத்தைப் பற்றிக்கொண்டு, காற்றில் வேர்விட்டு வளர்கிறவை. மாமா அவற்றை ஆர்க்கிட் என்பார். அவற்றைக் கொண்டுவந்து தருகிற அக்கா வெறுமனே மரப்பூ என்பாள்.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். ராயகிரி தாண்டி மலையடிவாரத்தில் வீடு. ஆனி ஆடியில் மலையிலிருந்து காற்று இறங்கும்போது பெரிய மரங்களின் கொப்புகள் ஒடிந்து விழும். அவற்றில் ஒட்டியிருக்கும் செடிகள் தரையில் கிடந்தால் அழுகிப்போய்விடும். அவற்றை மட்டும் பிரித்தெடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருவாள். நிற்கிற மரத்தில் கை வைப்பதில்லை என்பது அவளாகவே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. காட்டிலாகாக்காரர்களும் அதனால்தான் அவளைக் கண்டும் காணாததுபோல் விட்டிருந்தார்கள்.

அந்த வைகாசியில், முந்தின வருஷம் வந்த செடி ஒன்று பூத்துவிட்டது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு முழ நீளத்துக்குச் சரமாகத் தொங்கின. விசைத்தறிக்கூடம் வைத்திருந்த ஒருவர் தன் வீட்டுக்கு மல்லிகைக் கன்று வாங்க வந்தவர், அதைப் பார்த்து நின்றுவிட்டார். செல்போனில் படம் எடுத்தார்.

"வே, இது மாதிரி நாப்பது வேணும். மக கல்யாணத்துக்கு மண்டப வாசல்ல தோரணமாத் தொங்கணும்" என்றார்.

"ஏற்பாடு பண்ணிருவோம் அண்ணாச்சி" என்றார் மாமா, நாற்பதும் உள்ளே இருப்பதுபோல.

அக்காவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவள் வந்து, விஷயத்தைக் கேட்டு, தயங்கினாள்.

"காத்து இன்னும் எறங்கலயே அண்ணாச்சி. கொப்பு விழாம நான் எங்கன போயி எடுக்க?"

"விழுந்ததுதான் வேணும்னு யாரும்மா கேக்கா? நாலு செடிய எடுத்தா மலை என்ன, கொறஞ்சா போகும்?"

"நின்ன மரத்துல நான் கத்தி வச்சதில்ல."

மாமா கோபப்படவில்லை. அவளுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மிகவும் வருத்தமான குரலில் சொன்னார்: "அப்பம் வேற ஆளத்தான் பாக்கணும். அவன் கொண்டாந்துட்டா, ஆடி மாசத்துலயும் அவன்கிட்டத்தான வாங்கணும். ஒனக்கே தெரியும்லாம்மா."

அக்காவின் மகள் தென்காசியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அது மாமாவுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்தப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவரே மாமாதான். அக்கா தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ஒரு லோடு ஆட்டோவில் மூட்டைகளோடு வந்து இறங்கினாள். பந்தல் அலங்காரம் செய்கிறவர்கள் மூன்று பேர் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். சாக்கை அவிழ்க்க நான் முந்திக்கொண்டேன். எல்லாச் செடியிலும் பூச்சரம் இருந்தது. செடிகளைக் கொப்போடு சேர்த்தே கொண்டுவந்திருந்தாள். அந்தக் கொப்புகளின் அடி, ஒடிந்ததுபோல் சிம்பு சிம்பாக இல்லை. சாய்வாகச் சீவியிருந்தது. தொட்டால் விரலில் பிசின் ஒட்டியது.

இதை யாரும் கவனிக்கவில்லை, நான்தான் கவனித்தேன் என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, இது விழுந்த கொப்பா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அக்கா குனிந்து சாக்குகளைப் பொறுக்கினாள். மாமா சிரித்தார்.

"ஏட்டி, நீ போலீஸ் வேலைக்குத்தான் போவ" என்றார். அலங்காரக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா காலிச் சாக்குகளை மடித்து, கயிற்றைச் சுற்றி, அதை மறுபடி அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டாள்.

மண்டப வாசலில் அந்தப் பூக்களுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் இல்லை. "எங்க மாமா கொண்டுவந்தது" என்று நான் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். நம் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் சரங்கள் சுருண்டுவிட்டன. மறுநாள் குலை வாழையோடு சேர்த்து அவற்றையும் மண்டபத்துக்குப் பின்னால் குவித்திருந்தார்கள். நான் இரண்டு செடியை எடுத்துவந்து வீட்டு முருங்கை மரத்தில் கட்டினேன். தினமும் தண்ணீர் விட்டும் இரண்டும் காய்ந்துபோயின. ஒரு விதை மரத்தில் பற்றிக்கொண்டு, வளர்ந்து, முதல் பூ விடப் பல வருஷம் ஆகும் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனி வந்தது. காற்று ஊருக்குள்ளும் இறங்கி, நர்சரி வலையைப் படபடவென்று அடித்தது. அக்கா வரவில்லை. ஆடி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு அவள் ஊருக்குப் போனார்.

அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பாயை விரித்தாள். மாமா உட்காரவில்லை.

"என்னம்மா, ஆளையே காணோம்?"

"காட்டிலாகா வாச்சர் அந்த மரத்தப் பாத்துட்டாரு அண்ணாச்சி. வெட்டுன தடம் அப்படியே இருந்துச்சு. கேஸ் போடாம விட்டதே பெருசு. இனி வெறகுக்குக்கூட மேல ஏறக்கூடாதுன்னுட்டாங்க."

மாமா கொஞ்ச நேரம் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எங்கிட்டக் குடுத்தேன்னு சொன்னியாம்மா?"

"கேட்டாங்க. சந்தையில கொண்டு வித்தேன்னுட்டேன்."

"நல்லதும்மா" என்றார் மாமா.

அக்கா உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடித்ததும் தம்ளரை வாங்கிக்கொண்டு, பெரியவர்களிடம் பேசுவதுபோல் என்னிடம் சொன்னாள்.

"அன்னைக்கு நீ ஒண்ணு கேட்டல்லா மக்கா. எனக்கு வாய் வரல. அது விழுந்த கொப்பு இல்ல. நின்ன மரத்துல ஏறி வெட்டுனதுதான்."

"ஏன்க்கா வெட்டுனீங்க?"

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அக்கா ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். அடுத்த வைகாசியில் யார் யாரோ கத்தியோடு மலையேறி, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். சில வருஷங்களில் அவர்களும், மலையில் செடியே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மாமா பிளாஸ்டிக் சரங்களுக்கு மாறினார். அவை வெயிலுக்கு வாடுவதில்லை என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

ஆனால் அன்று, அக்கா வீட்டிலிருந்து திரும்பும் வழியில், மாமா ரொம்ப உற்சாகமாக இருந்தார். கரிவலம்வந்தநல்லூரில் வண்டியை நிறுத்தி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். எனக்கும் மனசு லேசாக இருந்தது. தப்பு செய்த ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, அவளே வாய்விட்டு ஒப்புக்கொண்டும் விட்டாள், இனி யார்மேலும் யாருக்கும் கோபமில்லை என்று தோன்றியது. மாமாவின் நிம்மதியும் என் நிம்மதியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, அவர் இடுப்பை இறுகப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.