அவையளின்ர கையில

எங்கள் தமிழ் வேட்பாளருக்கு வாக்குச் சேர்க்க டொராண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டுப் பேஸ்மென்டில் கூடியிருந்தோம். எதிர்த்து நின்றவர் ஒரு யூதப் பெண். பிரசாரத்தை நடத்திய அண்ணை, "யூதரைத் தெரியும்தானே. காசு, பேப்பர், ரீவி எல்லாம் அவையளின்ர கையில. வீடு வீடாய்ப் போய் இதைச் சொல்லுங்கோ" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். யூதரைப் போல நாமும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவரும் இதே அண்ணைதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொழும்பில எங்களையும் இப்பிடித்தானே அண்ணை சொன்னவங்கள்? உத்தியோகம், கடை எல்லாம் தமிழன்ர கையில எண்டு. பிறகுதானே கொளுத்தினவங்கள்."

எண்பத்து மூன்று கலவரத்தில், வெள்ளவத்தையில் இருந்த அவருடைய தகப்பனின் கடையும் எரிந்தது.

"அது பொய், தங்கச்சி," என்றார் மெல்ல. "இது உண்மை."