மரத்த விரலும் பி12-உம்

தையல் ஊசி அம்மாவின் விரலில் ஏறியது. அம்மாவுக்குத் தெரியவில்லை. வெள்ளை ஜாக்கெட் துணியில் சிவப்பாக ஏதோ பரவுகிறதே என்று பார்த்த நான்தான் கத்தினேன்.

“கையும் காலும் மரத்துக் கெடக்குது கண்ணு, அவ்வளவுதான். ஊரைக் கூட்டாதே.”

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உயிர்வேதியியல் படிக்கிறேன், அப்போதுதான் வகுப்பில் வைட்டமின் பி12 பாடம் நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்குக் குழந்தை பிறக்கும்வரை கறி, முட்டை, பால், தயிர் எதையும் தொடுவதில்லை என்று அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டு வருடங்கள் ஓடிவிட்டன. சாப்பாட்டில் பி12 கிடைப்பதே அவற்றிலிருந்துதான். கல்லீரல் முன்பு சேர்த்துவைத்திருந்த பி12-ஐக் கொண்டுதான் உடம்பு இத்தனை காலம் ஓட்டியிருக்க வேண்டும். ஒயரின் மேல் பிளாஸ்டிக் இருப்பதுபோல நரம்பின் மேலும் ஓர் உறை உண்டு. பி12 தீர்ந்துபோனால் செல்களால் அந்த உறையைச் சரியாகப் பராமரிக்க முடியாது. நாளாக நாளாக, போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம். அம்மாவுக்குத் தையல்தான் பிழைப்பு.

மறுநாளே மதுக்கரையிலிருந்து பஸ் ஏறி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனையில் பி12 அடிமட்டத்தில் இருந்தது. கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடை வாசலிலேயே அம்மா நின்றுவிட்டார். “ஏஞ்சாமி, இதை எதுல செய்யறாங்க? கறி கிறி இல்லையே?”

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! “பி12-ஐ ஆடும் செய்யாது, மாடும் செய்யாது, செடியும் செய்யாதும்மா. பாக்டீரியா மட்டுந்தான் செய்யும். தொட்டியில வளர்த்து எடுப்பாங்க.”

“நம்ம மாவு புளிக்கற மாதிரியா?”

“கிட்டத்தட்ட.”

அம்மாவின் முகம் தெளிந்தது. கேப்ஸ்யூல் அட்டையை வாங்கிக் கிழித்தும்விட்டார். நான் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

“மேல இருக்கற கூடு மட்டும் ஜெலட்டின். மாட்டெலும்பு, தோல் அதுலருந்து...”

அட்டை என் கைக்கு வந்துவிட்டது.

திரும்பவும் டாக்டரிடம் ஓடினோம். கதையைக் கேட்டுச் சிரித்தவர், “இந்தப் பொண்ணைப் படிக்க வெச்சது யாருங்க?” என்றார்.

“நாந்தானுங்க டாக்டர். தப்புப் பண்ணிப்போட்டேன்,” என்றார் அம்மா. “ஏனுங்க, ஊசி மருந்துக்குக் கூடு கெடையாதுங்களே?”

“கிடையாதுங்க.”

“அப்பக் குத்துங்க.”

அதன்பிறகு அம்மாவை நான் சும்மா விடவில்லை. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போதே விரலைக் கிள்ளிப் பார்ப்பேன். “உறைக்குதா?” “இல்ல.” “இப்ப?” “கையை எடு, துணி வெட்டோணும்.” நரம்பு மெல்லத்தான் தேறும் என்று பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதவும் செய்தேன். வீட்டில்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு மாலை, மெஷின் சத்தம் நின்றது. “ஸ்ஸ்... அப்பா!”

ஓடினேன். அம்மா விரலை உதறிக்கொண்டிருந்தார். நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

“வலிக்குதா?”

“வலிக்காம?”

நான் குதித்த குதியில் நூல்கண்டுகள் எல்லாம் உருண்டு ஓடின.

“பெத்தவளுக்கு ஊசி குத்துனா இப்படிக் குதிக்கறவளை எங்காச்சும் பாத்திருக்கீங்களா?” என்று தைத்த துணியை வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கம்மாவிடம் கேட்டுவிட்டு, அம்மா பால் விடாத காபியை எடுத்துக் குடித்தார்.

நான் கீழே உட்கார்ந்து, அவருடைய கால் விரலைக் கிள்ளினேன்.

“அது இன்னும் இல்ல,” என்றார் அம்மா.