கண்மாய்க்கரைக் கல்லுக்கு ஒரு மனு

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஆடுகள் முதுகு உரசுவதற்கென்றே நின்றதுபோல ஒரு கல் இருந்தது. அதில் எழுத்து இருப்பது ஊருக்கே தெரியும். என்ன எழுத்தென்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆடு மேய்க்கும் எங்கள் வீட்டில் முதலில் படிக்கப்போனவள் நான். கோவில்பட்டியில் கல்லூரியில் வரலாறு படித்தபோது, வகுப்பில் காட்டிய கல்வெட்டுப் படங்களைப் பார்த்ததும் எங்கள் கல்தான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கோடையில் பசுவந்தனை ரோட்டில் பாலம் கட்டினார்கள். கரையில் கிடந்த கற்களையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். அடுத்தது இந்தக் கல்தான் என்றார் மேஸ்திரி. உடைந்து பாலத்துக்குள் போய்விட்டால் அதை இனி யாரும் படிக்க முடியாது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில், பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் நின்ற வரிசையில் நானும் மனுவோடு நின்றேன். முன்னால் நின்ற அம்மாள், எனக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தாள். ஒரு கல்லுக்காக வந்திருக்கிறேன் என்றேன்.

"வீடு கட்டவா, ஆத்தா?" என்றாள்.

மனு தொல்லியல் துறைக்குப் போனது. அங்கிருந்து ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை கல்லைத் தொடக்கூடாது என்று உத்தரவானது.

அவர் வந்த அன்று பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிவந்தேன். கரை ஏறிக் கல்லைப் பார்த்தேன். கல் முழுக்கச் சுண்ணாம்பு. அதன்மேல் காவிப்பட்டை, கழுத்தில் மாலை. ஓர் எழுத்தும் தெரியவில்லை. பக்கத்தில் அப்பா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, கவருமெண்டுல இருந்து அவிய பாக்க வாராவ. கல்லு அழுக்கா நிக்கலாமா?"

வந்தவர் கோபப்படவில்லை. தண்ணீர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்த காலம் அது. ஆடுகளுக்கு வைத்திருந்த குடத்தை அம்மா தூக்கிவந்தாள். அவர் பிரஷ்ஷால் தேய்த்ததும் ஈரம் காயாத சுண்ணாம்பு வழிந்து இறங்கியது. ஈரத்தாளை ஒட்டி, தட்டித்தட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுத்தார். பிறகு மெதுவாகப் படித்துச் சொன்னார். கோயில் விளக்குக்கு நெய் அளப்பதற்காக, ஆடுகளை ஓர் இடையனிடம் ஒப்படைத்த செய்தி. சந்திரசூரியர் உள்ளவரை அவன் வம்சம் அளக்கவேண்டுமாம்.

அப்பா கல்லைத் தடவிப் பார்த்தார்.

"அப்பமே நம்மாளுகள நம்பித்தான் ஆட்டக் குடுத்திருக்காவ."

கல் தப்பியது. பாலம் வேறு கல்லில் எழுந்தது. சில மாதம் கழித்துக் கல்லைச் சுற்றிக் கம்பிவேலியும், வேலிக்கு வெளியே அதன் செய்தியை எழுதிய நீலநிறப் பலகையும் வந்தன. உரச இடமில்லாமல்போன ஆடுகள் பலகையின் காலைப் பிடித்துக்கொண்டன.

இப்போதும் ஊருக்குப் போனால் முதலில் அங்கேதான் போகிறேன். வெயில் சாயும் நேரத்தில் எழுத்துகள் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும். ஆடுகள் உரசி உரசிப் பலகை ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது; கீழ் வரிகளும் தேய்ந்துவிட்டன. போன தடவை அப்பா அதைக் காட்டி, இதற்கும் ஒரு மனு எழுதிப் போடு என்றார்.